ஒரு கணிப்பொறி, இரண்டு பயனர்கள்: ஒலி யாருக்கு?

(கணிப்பொறிப் பாடம்)

திக்லிபூரிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய நம் தலைநகருக்கு, சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். ஜாரவா காப்பகத்தின் வாயிலில் வாகன வரிசைக்குக் காத்திருந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். "கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை" என்ற ஒரே காரணத்துக்காகப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தப் பயணத்தை மேற்கொள்வதற்கு முன், வீட்டிலேயே அரை மணி நேரத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உள்ளன. அவற்றைக் கற்றுக்கொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணிப்பொறிகளில் பலர் லினக்ஸை நிறுவிக்கொள்கிறார்கள். தமிழகத்தில் படித்துத் திரும்பிய பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்தது. ஒரே கணிப்பொறியைக் குடும்பம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ள லினக்ஸ் மிகவும் ஏற்றது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், தனிக் கோப்புகள். ஆனால் பங்கிடும்போது ஒரு சிக்கல் அடிக்கடி எழுகிறது. அதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

சிக்கல் என்ன?

ஒரு வீட்டில் 'அப்பா' என்றும் 'மகள்' என்றும் இரண்டு பயனர் கணக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாலையில் அப்பா தம் கணக்கில் நுழைந்து, பாட்டி கேட்பதற்காகப் பக்திப் பாடல்களை ஒலிக்கவிடுகிறார். ஏழு மணிக்கு மகளுக்கு இணைய வகுப்பு. அப்பா தம் கணக்கை மூடாமல், 'பயனரை மாற்று' என்ற பொத்தானை அழுத்தி மகளுக்கு இடம் விடுகிறார். மகளின் திரை வருகிறது. ஆசிரியரின் முகம் தெரிகிறது. குரல் மட்டும் கேட்கவில்லை. "அப்பா, மிஸ் பேசறது கேக்கவே இல்லை" என்கிறாள். ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தால், ஒலிபெருக்கியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று இருக்கிறது. இந்தக் கணக்குக்கு உண்மையான ஒலிக்கருவி எதுவும் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

மறுநாள் அதே மகள் அதே கணக்கில் நுழைகிறாள். அன்று சத்தம் நன்றாக வருகிறது! மூன்றாம் நாள் மீண்டும் வருவதில்லை. இப்படி ஒரு நாள் வந்தும் ஒரு நாள் வராமலும் இருந்தால், ஒலி அட்டை பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது பழுது அல்ல, பங்குத் தகராறு.

மண்டபமும் மைக் செட்டும்

நம் சங்க மண்டபத்தில் ஒரே ஒரு மைக் செட் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேடையில் யார் இருக்கிறாரோ அவரிடம் மண்டபக் காவலர் சாவியைக் கொடுக்கிறார். அவர் இறங்கியதும் சாவியை வாங்கி அடுத்தவரிடம் தருகிறார். எந்தச் சண்டையும் இல்லை.

லினக்ஸிலும் இப்படியொரு காவலர் இருக்கிறார். அவர் பெயர் 'லாகின்டி'. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் உள்ள 'சிஸ்டம்டி' என்ற தொகுப்பின் ஒரு பகுதி அது. ஒரு பயனர் உள்ளே நுழைந்தது முதல் வெளியேறும் வரை நடப்பதை 'அமர்வு' என்கிறோம். ஒரே நேரத்தில் பல அமர்வுகள் திறந்திருக்கலாம். ஆனால் ஒரு திரைக்கு முன் ஒரே ஓர் அமர்வுதான் நடப்பில் இருக்க முடியும். எந்த அமர்வு நடப்பில் இருக்கிறதோ அதன் பயனருக்கு ஒலி அட்டையைத் திறக்கும் அனுமதியை லாகின்டி வழங்குகிறது. பயனர் மாறியவுடன் அந்த அனுமதியைப் பழையவரிடமிருந்து எடுத்துப் புதியவருக்குத் தருகிறது.

அனுமதி இருந்தால் மட்டும் போதாது. பயனருக்கும் ஒலி அட்டைக்கும் நடுவே 'ஒலிச் சேவகன்' என்ற மென்பொருள் ஒன்று வேலை செய்கிறது. பாட்டு, வகுப்பு, அறிவிப்பு மணி என ஒரு பயனரின் பல ஒலிகளையும் கலந்து அட்டைக்கு அனுப்புவது அதன் வேலை. ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே ஓர் ஒலிச் சேவகன் ஓடுகிறது. அனுமதி பறிபோனதை உணர்ந்ததும் அப்பாவின் சேவகன் அட்டையை விட்டுவிட வேண்டும். மகளின் சேவகன் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காக அமைந்த கணிப்பொறியில் இப்படித்தான் நடக்கிறது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உருவானதல்ல. 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் கருவின் 2.6ஆம் பதிப்பில் 'அல்சா' என்ற ஒலி அமைப்பு நிலைபெற்றது. ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசுவது இன்றும் அதுதான். அதன்மேல் ஒலிச் சேவகனாகப் 'பல்ஸ்ஆடியோ' வந்தது. 2007இல் ஃபெடோரா 8 அதை இயல்பாக ஏற்றது. அதன் இடத்தை இப்போது 'பைப்வயர்' பிடித்து வருகிறது. 2021இல் ஃபெடோரா 34, 2022இல் உபுண்டு 22.10 ஆகியவை அதற்கு மாறின. பெயர்கள் மாறினாலும் மேலே சொன்ன முறை மாறவில்லை: ஒலி, திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கே.

பிறகு ஏன் தகராறு?

மண்டப எடுத்துக்காட்டுக்கே வருவோம். ஒருவர் தம் சட்டைப்பையில் மைக் செட்டுக்கு ஒரு கள்ளச்சாவி வைத்திருந்தால் என்ன ஆகும்? மேடையை விட்டு இறங்கிய பிறகும் அவர் செட்டை விடமாட்டார். காவலரால் ஒன்றும் செய்ய முடியாது.

லினக்ஸில் அந்தக் கள்ளச்சாவிக்கு 'ஆடியோ குழு' என்று பெயர். லாகின்டி போன்ற காவலர் இல்லாத பழைய காலத்தில், ஒலி கேட்க வேண்டிய பயனர்களை இந்தக் குழுவில் சேர்ப்பார்கள். குழுவில் உள்ளவருக்கு ஒலி அட்டையின்மேல் நிரந்தர உரிமை உண்டு. அவர் திரைக்கு முன் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவும்போது, முதன்முதலில் உருவாக்கப்படும் பயனரை அந்த நிறுவல் நிரலே ஆடியோ குழுவில் சேர்த்துவிடுகிறது. பின்னர் சேர்க்கப்படும் பயனர்கள் அப்படிச் சேர்க்கப்படாமல் போகலாம். பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. வீட்டில் கணிப்பொறியை நிறுவியவர் பெரும்பாலும் அப்பா. எனவே அவருக்கே தெரியாமல் அவரிடம் நிரந்தரச் சாவி இருக்கிறது. மகளிடம் இல்லை.

சரி, ஒரு நாள் வருவதும் ஒரு நாள் வராததும் எதனால்? எந்த ஒலியும் ஓடாமல் சுமார் 5 விநாடி கழிந்தால், ஒலிச் சேவகன் தானாகவே அட்டையை விட்டுவிடும். அப்பா பாட்டை நிறுத்திவிட்டு இடம் விட்ட நாளில் மகளுக்குச் சத்தம் வந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பயனரை மாற்றிய நாளில் வரவில்லை. புதிர் இவ்வளவுதான்.

சோதனை முறை

கீழ்க்கண்ட படிகளை வரிசை தவறாமல் செய்யவும்.

படி 1. முதலில் எளியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வருகிறதா, ஒலி அளவு கூட்டப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். நம் தீவின் உப்புக் காற்றில் ஒலிபெருக்கியின் ஜாக்கில் பச்சை பிடிப்பது உண்டு; அதைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். ஒலி எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்ற தேர்வு ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே சேமிக்கப்படுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒருவருக்குச் சத்தம் தொலைக்காட்சி வழியாகவும் மற்றவருக்கு ஒலிபெருக்கி வழியாகவும் போகும்படி அமைந்திருக்கலாம். இது தகராறு அல்ல. அமைப்பை மாற்றினால் போதும்.

படி 2. கணிப்பொறியை முழுவதும் அணைத்து மீண்டும் தொடங்குங்கள். வேறு யாரும் நுழைவதற்கு முன், சத்தம் வராத பயனரை முதலில் நுழையச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டில் அது மகள். இப்போது சத்தம் வந்தால் ஒலி அட்டை நலமாக இருக்கிறது. தகராறு அமர்வுகளுக்கு இடையேதான். பெட்டியைக் கடைக்குத் தூக்க வேண்டியதில்லை. சத்தம் வராவிட்டால் சிக்கல் வேறு. அதற்கு இந்தப் பாடம் மருந்தாகாது.

படி 3. மறுபடி தொடங்கி, இம்முறை அப்பா முதலில் நுழைந்து பாட்டு ஒன்றை ஓடவிடட்டும். பாட்டை நிறுத்தாமல் பயனரை மாற்றி மகளின் அமர்வுக்கு வாருங்கள். பாட்டு தொடர்ந்து கேட்கிறதா? கேட்டால், சாவி அப்பாவிடமே தங்கிவிட்டது என்பது உறுதி. பாட்டு நின்று, மகளுக்குச் சத்தம் வந்தால் எல்லாம் ஒழுங்காக உள்ளது.

படி 4. சாவி யாரிடம் இருக்கிறது என்று கணிப்பொறியிடமே கேட்போம். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். இங்கே எழுத்து எழுத்தாகச் சொல்கிறோம். அப்பாவின் அமர்வில் டெர்மினலைத் திறந்து ஜி-ஆர்-ஓ-யூ-பி-எஸ் என்று தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். அந்தப் பயனர் சேர்ந்திருக்கும் குழுக்களின் பெயர்கள் ஒரே வரியில் வரும். அவற்றில் ஏ-யூ-டி-ஐ-ஓ இருக்கிறதா என்று பாருங்கள். மகளின் அமர்விலும் இதையே செய்யுங்கள்.

படி 5. ஆடியோ குழுவில் இல்லாத ஒருவர் அட்டையைப் பிடித்திருப்பதாகத் தோன்றினால், எஸ்-யூ-டி-ஓ, இடைவெளி, எஃப்-யூ-எஸ்-ஈ-ஆர், இடைவெளி, குறுங்கோடு, வி, இடைவெளி, சாய்கோடு, டி-ஈ-வி, சாய்கோடு, எஸ்-என்-டி, சாய்கோடு, நட்சத்திரக் குறி என்று தட்டுங்கள். ஒலிக்கருவியை அந்த நேரத்தில் எந்தப் பயனரின் எந்த நிரல் திறந்து வைத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். சில நேரங்களில் குற்றவாளி வீட்டாரில் எவரும் இல்லை. பின்னணியில் தனிப் பயனர் பெயரோடு ஓடும் எம்.பி.டி. போன்ற இசை நிரலாகவும் இருக்கலாம். அது தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம்.

தீர்வு

ஆடியோ குழுவில் இருக்கும் பயனரை அதிலிருந்து நீக்குவதே சரியான தீர்வு. நிர்வாக உரிமை உள்ள கணக்கில் டெர்மினலைத் திறந்து, எஸ்-யூ-டி-ஓ, இடைவெளி, ஜி-பி-ஏ-எஸ்-எஸ்-டபிள்யூ-டி, இடைவெளி, குறுங்கோடு, டி, இடைவெளி, பயனரின் பெயர், இடைவெளி, ஏ-யூ-டி-ஐ-ஓ என்று தட்டுங்கள். அதன்பின் கணிப்பொறியைக் கட்டாயம் மறுபடி தொடங்க வேண்டும். குழு உரிமை உள்ளே நுழையும்போதுதான் கணக்கிடப்படுகிறது; திறந்திருக்கும் அமர்வில் பழைய உரிமையே நீடிக்கும். பிறகு படி 3ஐ மீண்டும் செய்து பாருங்கள். பயனரை மாற்றியதும் பாட்டு நின்று, மகளுக்குச் சத்தம் வர வேண்டும். அப்பாவின் அமர்வுக்குத் திரும்பினால் ஒலியும் அவரிடம் திரும்பும்.

ஓர் எச்சரிக்கை. சிஸ்டம்டி இல்லாமல் இயங்கும் லினக்ஸ் வகைகளும் சில உள்ளன. அவற்றில் லாகின்டிக்கு இணையான காவலர் எதுவும் இல்லாவிட்டால், குழுவிலிருந்து நீக்கியதும் அந்தப் பயனருக்குச் சத்தம் அடியோடு நின்றுவிடும். அப்படி நேர்ந்தால் அஞ்ச வேண்டாம். அதே கட்டளையில் 'டி' என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் 'ஏ' என்று தட்டினால் பழைய நிலை திரும்பும்.

எல்லோருக்கும் சாவி கொடுத்தால் என்ன?

"மகளையும் ஆடியோ குழுவில் சேர்த்துவிட்டால் போயிற்று" என்று அறிவுரை கூறுவோர் உண்டு. பார்ப்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அது இரண்டு வகையில் தவறு.

முதலாவது, அது தகராறைத் தீர்ப்பதில்லை. இருவரிடமும் சாவி இருந்தால், முதலில் செட்டைத் திறந்தவர் கையில்தான் அது இருக்கும். நேற்று மகளுக்குக் கேட்கவில்லை. இன்று அப்பாவுக்குக் கேட்காது.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. ஒலி அட்டை என்பது ஒலிபெருக்கி மட்டுமல்ல. மைக்ரோபோனும் அதில்தான் இருக்கிறது. ஆடியோ குழுவில் உள்ளவர் திரைக்கு முன் இல்லாதபோதும் மைக்ரோபோனைத் திறக்க முடியும். அவருடைய அமர்வில் பின்னணியில் ஓடும் நிரல் ஒன்று, மகள் அறையில் பேசுவதைப் பதிவு செய்ய முடியும். அவருடைய கணக்கில் வலை வழியாகத் தொலைவிலிருந்து நுழையும் ஒருவராலும் அது முடியும். அமர்வு மாறும்போது உரிமையும் மாற வேண்டும் என்று லினக்ஸ் வகுத்திருப்பதில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக ஒரே ஒலிச் சேவகனை ஓட்டும் முறை பல்ஸ்ஆடியோவில் உண்டு. ஆனால் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு அது வேண்டாம் என்றே அதை உருவாக்கியவர்கள் அறிவுறுத்துகிறார்கள்.

யூ.எஸ்.பி. வழியாகச் செருகும் இரண்டாவது ஒலி அட்டை ஒன்றை வாங்கிச் செருகினால் மகளுக்குச் சத்தம் வந்துவிடக்கூடும். ஆனால் நிரந்தரச் சாவி அப்பாவின் கணக்கிலேயே இருக்கும். அது புதிய அட்டையின் மைக்ரோபோனையும் திறக்கும். நோய் மறைந்திருக்கும், தீர்ந்திருக்காது.

புளூடூத் ஒலிபெருக்கி வைத்திருப்போருக்கு

புளூடூத் கருவிகள் மேலே சொன்ன குழு முறைக்கு உட்பட்டவை அல்ல. அவற்றைப் புளூடூத் சேவை தனியே நிர்வகிக்கிறது. ஒரு பயனரின் ஒலிச் சேவகன் அந்தக் கருவியோடு இணைந்துவிட்டால், சில பழைய பதிப்புகளில் அடுத்தவருக்கு அது கிடைப்பதில்லை. நுழைவுத் திரைக்கென்று உள்ள 'ஜி.டி.எம்.' என்ற பயனரே புளூடூத் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. பயனரை மாற்றும் முன் புளூடூத் இணைப்பைத் துண்டித்து, புதிய அமர்வில் மீண்டும் இணைத்துக்கொள்வதே எளிய வழி. பைப்வயர் உள்ள புதிய பதிப்புகள் நடப்பு அமர்வைப் பார்த்தே புளூடூத்தை இயக்குவதால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

அன்றாடப் பழக்கம்

கட்டளை எதையும் தட்ட விரும்பாதவர்கள் ஒரு பழக்கத்தைக் கடைப்பிடித்தால் போதும். இடம் விடும்போது 'பயனரை மாற்று' என்பதற்குப் பதில் 'வெளியேறு' என்பதை அழுத்துங்கள். வெளியேறினால் அமர்வு முடிகிறது. ஒலி அட்டையும் விடுபடுகிறது. நினைவகம் குறைந்த பழைய கணிப்பொறிகளுக்கு வேகமும் கூடும். ஆனால் வெளியேறும் முன் செய்துகொண்டிருந்த வேலையைச் சேமிக்க மறவாதீர்கள்.

அப்படியானால் பாட்டியின் பாட்டு? மகளின் வகுப்பு நடக்கும்போது அதே பெட்டியில் பாட்டும் ஓட வேண்டும் என்றால், இந்த ஏற்பாட்டில் அதற்கு இடமில்லை. பாட்டிக்கு ஒரு பழைய கைப்பேசியோ வானொலிப் பெட்டியோ கொடுத்துவிடுவதே நல்லது. லினக்ஸில் ஒரே கணிப்பொறியில் இரண்டு திரை, இரண்டு விசைப்பலகை, இரண்டு ஒலி அட்டை பொருத்தி இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் 'பல இருக்கை' முறையும் உண்டு. அதற்குத் தனித்தனித் திரை அட்டைகள் தேவைப்படும் என்பதால் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் பொருந்தும். வீட்டுக்குச் செலவு மிகுதி.

பயிற்சி

1. உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் ஒவ்வொரு பயனரின் குழுக்களையும் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். ஆடியோ குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? (லாகின்டி இயங்கும் கணிப்பொறியில் வீட்டார் எவரும் அதில் இருக்கத் தேவையில்லை.)

2. ஒருவர் பாட்டை நிறுத்திவிட்டுப் பயனரை மாற்றினால் அடுத்தவருக்குச் சத்தம் வருகிறது. நிறுத்தாமல் மாற்றினால் வருவதில்லை. பழுது எங்கே? (பழுது எதுவும் இல்லை; முதல் பயனரிடம் நிரந்தர உரிமை இருக்கிறது.)

3. கணிப்பொறியைப் புதிதாகத் தொடங்கி, ஒரே பயனர் மட்டும் நுழைந்தும் சத்தம் வரவில்லை. இது அமர்வுகளுக்கிடையேயான தகராறா? (அல்ல. படி 1இல் சொன்னவற்றைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் அப்போது கடையை நாடலாம்.)

மூன்றையும் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால் போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுவதா வேண்டாமா என்பதைப் படி 2 ஒன்றே சொல்லிவிடும்.